கடைசிப் பெட்டி வரை...

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். சிலர் கறிக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். சிலர் பைக் கழுவுகிறார்கள். கல்யாணமானவர்கள் கழுவச் சொன்னதையெல்லாம் கழுவுகிறார்கள். அடியேன் மாதத்தில் ஒரு ஞாயிறு, 10 ரூபாய் கொடுத்து பிளாட்பாரம் டிக்கெட் வாங்குகிறேன். யாரையும் ஏற்றிவிடப் போவதில்லை. எனக்காக யாரும் வந்து இறங்கப் போவதுமில்லை. சும்மா நின்று ரயில் பார்க்கிறேன். கையிலிருக்கும் போனில் படம் பிடிக்கிறேன். சாயங்காலம் வீடு திரும்புகிறேன்.

ஆபீஸில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். “ரயில்ல போவாங்க, ரயிலுக்காகக் காத்திருப்பாங்க, ரயில்வே பரீட்சைகூட எழுதுவாங்க. ரயிலைப் பார்க்கறதுன்னா என்னய்யா? அதுல என்ன இருக்கு?”

என்ன இருக்கு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் ஒரு கேள்வி. சின்ன வயசில் லெவல் கிராஸிங் கேட்டில், அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணாதவர் உண்டா? நாற்பத்திரண்டு, நாற்பத்திமூணு என்று எண்ணிக்கொண்டே வந்து, நடுவில் கணக்கு விட்டுப்போய் அழாதவர் உண்டா? நீங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் நிறுத்தவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது உலகம் பூரா உள்ள வியாதி. இங்கிலாந்தில் இதைப் பரப்பிய புண்ணியவானும் நம்மைப் போல ஒரு ஆபீஸ் குமாஸ்தாதான். இயன் ஆலன் என்று பெயர். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே ஆபீஸில் (அவர்களுக்கும் ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது!) வேலை பார்த்த இருபது வயசுப் பையன். ‘அந்த இன்ஜின் பேர் என்ன, இந்த இன்ஜின் நம்பர் என்ன’ என்று ரசிகர்களிடமிருந்து கடிதம் கடிதமாக வரும். பதில் எழுதி எழுதி அலுத்துப்போனவர், எல்லா இன்ஜின்களின் விவரத்தையும் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். மேலதிகாரிகளுக்கு ஆர்வமில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942-ல் தானே அச்சுப்போட்டு விற்றார். ஆபீஸ் வேலையைக் குறைத்துக்கொள்ள ஒரு குமாஸ்தா நினைத்ததன் விளைவு, ஒரு தேசத்துப் பையன்கள் எல்லாம் நோட்டும் பென்சிலுமாகப் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார்கள்!

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ரயில் பைத்தியங்களில் ஜாதி பிரித்திருக்கிறார்கள். படம் பிடிப்பவர் ‘தோரி-தெட்சு’. ஏறி ஏறிப் பயணம் செய்பவர் ‘நோரி-தெட்சு’. ரயில் சத்தத்தை மட்டும் பதிவு செய்பவருக்கு ‘ஓட்டோ-தெட்சு’. நம் ஆட்களும் சளைத்தவர்களல்ல. 1989-ல் அமெரிக்காவில் படிக்கப் போன இந்திய மாணவர்கள் சிலர் அங்கிருந்தபடியே இந்திய ரயில்வேக்கு ஒரு ரசிகர் மன்றம் ஆரம்பித்தார்கள். நடிகருக்கு மன்றம் வைக்கும் நாட்டில் இன்ஜினுக்கு வைத்தால் தப்பா?

* * *

எனக்கு வாய்த்த க்ஷேத்திரம் ஜோலார்பேட்டை.

காலையில் சென்னை சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால், டிபன் செரிப்பதற்குள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிடலாம். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரி மலையின் காலடியில் இருக்கிற ஊர். மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி, 14 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, மேலே போய் பலாப்பழம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். நான் ஸ்டேஷனைத் தாண்டுவதே இல்லை.

ஏன் ஜோலார்பேட்டை? இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருப்பத்தூர், சேலம், ஈரோடு என்று கோவைக்கும் கேரளத்துக்கும் போகிறது. இன்னொன்று மேற்கே திரும்பி, குப்பம் வழியாகப் பெங்களூருக்கு ஏறுகிறது. ஏறுகிறது என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஜோலார்பேட்டை சுமார் 400. மிச்ச 500 மீட்டரை இன்ஜின் இழுத்தே தீர வேண்டும். (எந்த ஸ்டேஷனின் மஞ்சள் போர்டைப் பார்த்தாலும் பெயருக்குக் கீழே அந்த உயரத்தை எழுதியிருப்பார்கள். இத்தனை வருஷம் பார்த்தும் படிக்காதவர்கள் அடுத்த தடவை படியுங்கள்.)

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. எட்டே வருஷத்தில், 1864-ல், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குப் பாதை போட்டுவிட்டார்கள். ஆக 160 வருஷமாக இந்த ஊர் வண்டிகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ‘நீ பெங்களூர் போ, நீ சேலம் போ’ என்று, கல்யாண வீட்டு வாசலில் நின்று பந்திக்கு ஆள் அனுப்புகிற பெரியப்பா மாதிரி.

பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும். ஆகவே இரண்டு மணிக்கு ஒருமுறை கவுன்ட்டருக்குப் போய் புதுசு வாங்கிக்கொள்வேன். மூன்றாவது தடவை போனபோது உள்ளே இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னும் அவங்க வரலீங்களா சார்?”

“யாரும்மா?”

“நீங்க காத்துட்டிருக்கறவங்க...” என்றார், மிகுந்த அனுதாபத்துடன்.

“ஒரு நிலக்கரி வண்டிம்மா.”

சில்லறையைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளினார்.

* * *

ரயில் பார்க்க முதலில் இன்ஜினின் ஜாதகம் படிக்கத் தெரிய வேண்டும். கஷ்டமே இல்லை. பக்கவாட்டில் ‘டபிள்யூ.ஏ.பி.-7’ என்று எழுதியிருக்கும். டபிள்யூ என்றால் அகலப் பாதை. அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். ஏ என்றால் ஏ.சி. மின்சாரம். டீசலாக இருந்தால் டி. மூன்றாவது எழுத்துதான் முக்கியம். பி என்றால் பாசஞ்சர் வண்டி இழுப்பது. ஜி என்றால் கூட்ஸ். எம் என்றால் இரண்டுக்கும். கடைசி எண், ரகம். பழைய மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு டபிள்யூவுக்குப் பதில் ஒய் இருக்கும். நம் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று போட்டுக்கொள்வதைவிட இதில் விவரம் அதிகம்!

இன்ஜினுக்குச் சொந்த ஊரும் உண்டு. எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று உடம்பில் எழுதியிருப்பார்கள். ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் எல்லாம் நம்ம பையன்கள். திடீரென்று ஒரு நாள் செகந்தராபாத் பக்கத்து லாலாகுடா வந்து நிற்கும். ஜார்க்கண்டின் கோமோ வரும். டெல்லி துக்ளகாபாத் இன்ஜின் ஒன்று ஏலகிரி மலையைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டால், வெளியூர் மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி பிளாட்பாரத்தில் இருக்கிற ரசிகப் பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

ஆம், பையன்கள். நான் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி மாணவர், மருந்துக் கம்பெனி ரெப், பேங்க் குமாஸ்தா என்று எப்போது போனாலும் ரெண்டு மூணு பேர் இருப்பார்கள். வந்தே பாரத் வந்தால் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் நிமிரும். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத், 2022 நவம்பர் 11-ல் தொடங்கிய சென்னை–மைசூர் வண்டி, இந்தத் தடத்தில்தான் போகிறது. வெள்ளையும் நீலமுமாக, இஸ்திரி கலையாமல் வரும். ஊரே படம் பிடிக்கும்.

பின்னாலேயே ஒரு கூட்ஸ் வண்டி வரும். எல்லா போன்களும் பாக்கெட்டுக்குப் போய்விடும்.

இதுதான் எனக்குப் பொறுப்பதில்லை.

* * *

வியாபாரக் கணக்கு படித்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரயில் டிக்கெட்டை எப்போதாவது முழுசாகப் படித்ததுண்டா? 2016 வாக்கிலிருந்து அதில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்களிடம் வசூலிக்கிறது என்று. அதாவது 100 ரூபாய் செலவு, 57 ரூபாய் வரவு. இப்படி ஒரு கடை நடத்தினால் மூன்றாம் மாசம் மஞ்சக் கடுதாசி. பாக்கி 43 ரூபாயை யார் போடுகிறார்கள்?

இப்போது பாக்கெட்டுக்குள் போனை வைத்தீர்களே, அந்த அழுக்கு வண்டிதான்.

ரயில்வேயின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூட்ஸ் வண்டி சம்பாதிக்கிறது. வருஷத்துக்கு 150 கோடி டன்னுக்கு மேல் சுமக்கிறது. அதில் பாதிக்குப் பாதி நிலக்கரி. எதிர்வரிசை வீட்டுக் கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த அண்ணன் பனியனோடு மண்டிக்கடையில் மூட்டை சுமந்து சம்பாதிக்கிறார். கடைசித் தம்பி வெள்ளைச் சட்டை போட்டு சென்ட் அடித்துக்கொண்டு வெளியே போகிறான். தெருவே தம்பியைப் பார்க்கிறது. வழியில் இருவரும் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்பவர் அண்ணன்தான். ஜோலார்பேட்டையிலும் அதே கதை. எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்கிவிடுவார்கள். ஒன்று போகும், இரண்டு போகும், மூன்றும் போகும். அண்ணன் பொறுமையாக நிற்பார். நம் நாட்டில் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் பல வருஷங்களாக மணிக்கு 25 கிலோமீட்டர் பக்கத்திலேயே நின்றதற்குக் காரணம் இன்ஜினில் சக்தி இல்லாததல்ல. வழி கிடைக்காததுதான்.

கூட்ஸ் பெட்டிகளையும் படிக்கலாம். மேலே திறந்த தொட்டி மாதிரி இருந்தால் ‘பாக்ஸ்-என்’. நிலக்கரி, இரும்புத் தாது போகும். மூடிய பெட்டி ‘பி.சி.என்.’ என்றால் அரிசி, கோதுமை, உரம், சிமென்ட். உருண்டைத் தொட்டி ‘பி.டி.பி.என்.’ என்றால் பெட்ரோல், டீசல். தட்டையான வண்டியில் கன்டெய்னர். ஜன்னல்களை அடைத்த பழைய பாசஞ்சர் பெட்டி போல் ஒன்று வந்தால் அதற்குள் புதுக் கார்கள் இருக்கும். உண்மையிலேயே அது ரிட்டயர் ஆன பாசஞ்சர் பெட்டிதான். ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் செக்யூரிட்டி வேலைக்குப் போவது மனிதர்கள் மட்டுமல்ல.

ஒரு நிலக்கரி வண்டியில் 58 பெட்டி. ஒரு பெட்டிக்கு 60 டன் என்று வைத்துக்கொண்டாலும் 3,480 டன். பத்துச் சக்கர லாரியில் 18 டன் ஏற்றினால் 194 லாரி வேண்டும். வாலாஜா டோல்கேட்டில் அந்த 194 லாரிக்குப் பின்னால் உங்கள் பைக் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இவ்வளவையும் ஓட்டுகிறவர்கள் முன்னால் இருவர், பின்னால் ஒருவர். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ரயிலில்தான் போக வேண்டும். மேட்டூரில் கடலா இருக்கிறது, கப்பல் வர? நீங்கள் ராத்திரி ஃபேனைத் தட்டிவிட்டுத் தூங்கும்போது, எங்கோ ஒரு லூப் லைனில் உங்கள் காற்று நின்றுகொண்டிருக்கிறது.

காற்று மட்டுமில்லை, தண்ணீரும் இந்த ஊரிலிருந்து போயிருக்கிறது. 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு, தெருவெல்லாம் பிளாஸ்டிக் குடம் வரிசை கட்டி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. 50 தொட்டி, தொட்டிக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் குடம்! காவிரித் தண்ணீர். கொடுத்த ஊரும் பஞ்சம் அறியாத ஊர் இல்லை. வில்லிவாக்கத்தில் அந்த வண்டிக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். கூட்ஸ் வண்டிக்கு மாலை விழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

* * *

ஜோலார்பேட்டைப் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் வருவார். ரிட்டயர் ஆன பாயின்ட்ஸ்மேன். வேட்டி, தோளில் துண்டு, கையில் வெற்றிலைப் பை. பென்ஷன் வாங்க ஆரம்பித்துப் பல வருஷமாகியும் வண்டி வந்தால் எழுந்து நின்றுவிடுவார். பழக்கம்.

ஒரு நாள் ரெண்டு பையன்கள், இருபது வயசுதான் இருக்கும், பிளாட்பாரத்தின் கோடியில் இறங்கித் தண்டவாளம் பக்கத்தில் போய் நின்றார்கள். பின்னால் வண்டி வர, முன்னால் இவர்கள் சிரிக்க, ஒரு ரீல்ஸ் எடுக்கத் திட்டம். பெரியவர் கத்திய கத்தலில் மரத்துக் காக்கை பறந்தது.

“டேய்! ஏறி வாங்கடா மேல! உங்க ஆத்தாக்காரி பெத்தாளா, இல்ல கடையில வாங்கினாளா?”

பையன்கள் முகம் தொங்க ஏறி வந்தார்கள். “வண்டி தூரமாத்தான் தாத்தா இருந்துச்சு. சத்தமே வரலை...”

“அதான்டா சொல்றேன். இப்பல்லாம் சத்தம் வராது.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். அந்தக் காலத்து ‘தடக் தடக்’ தண்டவாளத்தின் இணைப்பு இடைவெளியில் சக்கரம் விழும் சத்தம். இன்றைக்குத் தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். மின்சார இன்ஜினுக்குப் புகையும் இல்லை, இரைச்சலும் குறைவு. மணிக்கு 130 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 36 மீட்டர் தாண்டும். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் இருபது மீட்டர் சொச்சம். நீங்கள் ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்றே முக்கால் பிட்ச். டிரைவர் பார்த்து பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் சுமாருக்கு வேண்டும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுத்துக்கொள்ளும். நிற்கிற கூட்ஸ் பெட்டியின் மேல் செல்ஃபிக்காக ஏறியவர்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இதெல்லாம் போக, அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதியில் நுழைந்தால் 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உயிருக்கு முன்னால் ஆயிரம் ரூபாய் பெரிசில்லை என்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியவர் பையன்களை விடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“வண்டி பாக்கணும்னு ஆசைன்னா பாரு. வேணாங்கல. ஆனா பாக்கற மாதிரி பாரு. நீங்கல்லாம் இன்ஜினை மட்டும் புடிச்சிட்டுத் திரும்பிக்கறீங்க. நாங்க அப்படிப் பாத்தா வேலை போயிடும்.”

“ஏன் தாத்தா?”

“கடைசிப் பெட்டி வரைக்கும் பாக்கணும்டா. அதுலதான் எல்.வி. போர்டு இருக்கும்.”

எல்.வி. என்றால் கடைசி வண்டி என்று அர்த்தம். ஒரு வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது ஸ்டேஷன் ஆட்கள் பச்சைக்கொடி காட்டிக்கொண்டு நிற்பது மரியாதைக்காக அல்ல. எங்காவது புகைகிறதா, அச்சு சூடேறித் தீப்பொறி வருகிறதா, ஏதாவது தொங்கிக்கொண்டு வருகிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கடைசிப் பெட்டியில் அந்த போர்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ராத்திரியில் சிவப்பு விளக்கு. அது இல்லையென்றால் வண்டி நடுவழியில் எங்கோ அறுந்து, பாதிப் பெட்டிகள் தண்டவாளத்தில் அநாதையாக நிற்கின்றன என்று அர்த்தம். அந்தப் பாதையில் அடுத்த வண்டியை விடக் கூடாது. இப்போது சக்கர அச்சுகளை எண்ணும் கருவி பல இடங்களில் வந்துவிட்டது. ஆனாலும் பார்க்கிறார்கள்.

ரயில் பார்ப்பது வெட்டி வேலை என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். அதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் நாம் அப்பர் பெர்த்தில் குறட்டை விட முடிகிறது.

* * *

அதே கோடையில் ஒரு மத்தியானம், ஒரு சிமென்ட் வண்டி லூப் லைனில் நின்றது. பிளாட்பாரத்தின் கோடிக்கு நேராக அதன் கடைசிப் பெட்டி, பிரேக் வேன். கார்டு இறங்கி நிழலில் நின்று டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2022 ஜனவரியிலிருந்து இவர்களுக்கு ‘டிரெய்ன் மேனேஜர்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர்தான் மாறியது. வண்டியின் கடைசியில் தன்னந்தனியாக, டிரைவருக்கு 650 மீட்டர் பின்னால், பொட்டல் காட்டில் வண்டி நின்றால் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் உட்காரும் உத்தியோகம் அதேதான்.

நான் போனைத் தூக்கியதைப் பார்த்தார். “என்னங்க தம்பி, படம் புடிக்கறீங்களா? வண்டியையா, என்னையா?”

“வண்டியைத்தான் சார்.”

“அதான பாத்தேன்” என்று சிரித்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பதினாலு வருஷமாகக் கூட்ஸ் வண்டியில்தான் என்றார். கிளம்பும் நேரம் தெரியாது, சேரும் நேரம் தெரியாது. தீபாவளியன்றைக்கு எந்த ஊர் லூப் லைனில் விடியுமோ தெரியாது.

டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

“தப்பா நினைக்கலீன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? வண்டி கிளம்பறப்ப நான் கொடி காட்டுவேன். அதை ஒரு படம் புடிச்சுத் தர்றீங்களா? எம் பொண்ணு பத்தாவது படிக்குதுங்க. ‘உங்கப்பா என்ன வேலை பாக்கறாரு’ன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா, ‘ரயில்ல கடைசில உக்காந்திருப்பாரு’ன்னு சொல்லுதாம்!”

நம்பரை என் பிளாட்பாரம் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். “டியூட்டி முடிஞ்சுதான் பாப்பேன். அவசரமில்லீங்க.”

இருபது நிமிஷம் கழித்து சிக்னல் விழுந்தது. முன்னால் வெகு தூரத்தில் ஹாரன். பெட்டிகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் ‘டக்... டக்... டக்’ என்று அந்தக் கோடியிலிருந்து எங்களை நோக்கி ஓடி வந்தது. பிரேக் வேன் ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, பச்சைக்கொடியை நேராக நீட்டி, அவர் நின்றார். தயிர்சாதம் சாப்பிட்ட மனிதர் இல்லை அது. 58 பெட்டிக்கும் பொறுப்பானவர். வளைவில் மறையும் வரை எடுத்தேன்.

அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எழுதியது அவர் இல்லை.

‘தேங்க்ஸ் அங்கிள். என் ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் காட்டிட்டேன். அப்பா கொடி புடிக்கும்போது சிரிக்கவே மாட்டாரா?’

* * *

ரயிலும் சினிமாவும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. பிரான்ஸில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த ஆதிகாலப் படங்களில் ஒன்று, ஸ்டேஷனுக்குள் ரயில் வருவது. நம் ஊரில் கிராமம் கிராமமாகச் சினிமா காட்டிய முதல் ஆள் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ஆகவே பிளாட்பாரத்தில் போனைத் தூக்கும்போது கூச்சப்பட வேண்டாம். நமக்குப் பூர்வீக பாத்தியதை உண்டு.

எப்படி எடுப்பது? போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். ரயில் நீளமாகத்தான் இருக்கும், நிற்காது. வெயில் உங்கள் முதுகில் அடிக்கட்டும். பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; வேண்டாம் என்றால் வேண்டாம். வண்டியைத் துரத்திப் போனைத் திருப்பாதீர்கள். வண்டி தானாக உள்ளே வந்து தானாக வெளியே போகட்டும். ‘மச்சி, செம மாஸ்’ என்று பேசாதீர்கள், ரயிலே பேசும். தேதி, இடம், இன்ஜின் நம்பர் குறித்து வையுங்கள். முக்கியமாக, கடைசிப் பெட்டி போய்ப் பத்து விநாடி கழித்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஏனென்றால் எது எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. சென்னை பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1-ஓடு போனது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தன் பழைய ரகப் பெட்டியைக் கடைசியாகச் செய்தது 2018 ஜனவரியில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்ததை ஆடி ஆடிப் படம் பிடித்தவன்கூட இன்று அதைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறான்.

அடுத்து அந்தக் கொடியாக இருக்கலாம். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஆளுக்குப் பதிலாக ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டி, ‘வண்டி முழுசாக இருக்கிறது’ என்று இன்ஜினுக்குச் சேதி அனுப்பும் கருவியை ரயில்வே சோதித்துப் பார்த்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் லாபம்தான்; பி.காம். படித்தவன் இல்லையென்று சொல்ல மாட்டேன். தயிர்சாதம் கேட்காது, தீபாவளிக்கு லீவு கேட்காது. ஆனால் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி அதற்கு ஒரு பெண் இருக்கப் போவதில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்கள் வண்டி லூப் லைனில் நின்று கூட்ஸ் வண்டி கடக்குமானால், ‘சே, இதுக்காக நம்மளை நிறுத்திட்டான்’ என்று திட்டாதீர்கள். நூற்றுக்கு நாற்பத்திமூணு ரூபாய் கொடுத்தவர் போகிறார். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். சின்ன வயசில் விட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு... கடைசியில் ஒருவர் தனியாக நின்றுகொண்டிருப்பார்.

கை காட்டுங்கள். திருப்பிக் காட்டுவார். சிரித்தாலும் சிரிப்பார்!